மௌனத்தில் கேட்டதைச் சோதித்தல்

சீலோவின் ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலை இரவில் ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கிறது. அவன் எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். ஏலி கண் மங்கிப்போன முதிய ஆசாரியர். தான் கூப்பிடவில்லை என்று அவர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். மறுபடியும் அழைப்பு, மறுபடியும் ஓட்டம். மூன்றாம் முறைதான் பெரியவருக்கு விளங்குகிறது. இனிக் குரல் வந்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நான்காம் முறை சாமுவேல் அப்படியே பதில் சொல்கிறான். அப்போது அவனுக்குக் கிடைத்த செய்தி ஏலிக்கே எதிரானது. பிள்ளைகள் செய்த அக்கிரமம் தெரிந்தும் அவர்களை அடக்காத ஏலியின் குடும்பத்தின் மேல் தீர்ப்பு வந்துவிட்டது என்பதுதான் அது. காலையில் சொல்லப் பயந்து நிற்கும் பையனிடம், ஒன்றையும் மறைக்காதே என்று ஏலி வற்புறுத்துகிறார். கேட்டபின் அதை மறுக்கவும் இல்லை.

ஞாயிறு பள்ளியில் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாக இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அதில் இன்னும் முக்கியமான இரண்டு செய்திகள் இருப்பதாக நான் நினைக்கிறேன். வந்த குரல் தான் யாருடையது என்று அறிவித்துக்கொண்டு வரவில்லை. பையன் அதை மனிதக் குரலாகவே எடுத்துக்கொண்டான், அடையாளம் சொல்ல இன்னொருவர் வேண்டியிருந்தது. அடையாளம் சொன்னவரோ அந்தச் செய்தியால் அதிகம் இழக்கப் போகிறவர். இறைவனின் குரலை அமைதியில் கேட்கப் பழகுவது பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி எப்படி உட்காருவது, எப்படி மூச்சை நிதானமாக்குவது, எப்படி எண்ணங்களை ஓயவிடுவது என்பதோடு நின்றுவிடுகிறது. அமைதியில் உட்காரக் கற்பது, மற்றதோடு ஒப்பிட்டால், எளிது. அங்கே கேட்டதை எதனோடு வைத்துப் பார்ப்பது, யாரிடம் கொண்டுபோவது, எவ்வளவு காலம் கையில் வைத்துக் காத்திருப்பது என்பதில்தான் நூற்றாண்டுகளின் உழைப்பு சேர்ந்திருக்கிறது.

ஓரேப் மலையில் எலியாவுக்கு நேர்ந்ததையும் இப்படித்தான் பாதியில் நிறுத்திச் சொல்லிவருகிறோம். மலைகளைப் பிளந்த காற்று, நிலநடுக்கம், தீ, அதன்பின் மெல்லிய அமைதி. பிரசங்கம் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். ஆனால் அமைதிக்குப் பின் வந்தது ஒரு கேள்வி. அதற்கு எலியா, தான் ஒருவன்தான் மிச்சம் என்று முன்பு சொன்ன முறையீட்டையே திரும்பவும் சொன்னார். பதிலாக வந்ததில் ஆறுதல் குறைவு. வந்த வழியே திரும்பிப் போ, மூன்று பேரை அபிஷேகம் செய், பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதே அதன் சாரம். எலியாவின் கணக்கே பிழை என்று அந்தக் குரல் சொன்னது. நாம் ஏற்கெனவே நம்பியதை அப்படியே திருப்பிச் சொல்லும் குரலைப் பற்றி ஐயம் கொள்ள இந்த ஒரு பகுதியே போதும்.

அந்த ஐயத்தை முறையாக வளர்த்தவர்கள் நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத் துறவிகள். நைல் ஆற்றுச் சமவெளியை விட்டு நீத்ரியாவுக்கும் ஸ்கேத்திஸுக்கும் போய்க் குடிசை கட்டி வாழ்ந்தவர்களுக்கு மௌனத்தைக் கற்றுத்தர எவரும் தேவைப்படவில்லை. பாலைவனமே அதைத் தந்தது. அந்த மௌனத்துக்குள் எழும் எண்ணங்களைத் தரம் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது. அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸ் அவற்றை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார். எகிப்தில் பல ஆண்டுகள் தங்கி மூத்த துறவிகளிடம் கேட்டறிந்த யோவான் கசியான், பின்னாளில் இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இருந்துகொண்டு அந்த உரையாடல்களை நூலாக்கினார். அதில் மோசே என்ற துறவி சொல்வதாக ஹேரோ என்பவரின் கதை வருகிறது.

ஹேரோ ஐம்பது ஆண்டுகள் பாலைவனத்தில் இருந்தவர். நோன்பிலும் தனிமையிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. உயிர்த்தெழுதல் திருநாளன்றுகூட மற்றத் துறவிகளோடு உட்கார்ந்து உண்ண மாட்டார். உண்டால் தன் நோன்பு தளர்ந்துவிடும் என்ற பயம். ஒருநாள் தேவதூதனுடையது என்று அவர் நம்பிய குரல் அவரை ஆழ்கிணற்றில் குதிக்கச் சொன்னது. அவருடைய புண்ணியமே அவரைக் காக்கும் என்று அது உறுதி கொடுத்தது. குதித்தார். சகோதரர்கள் பாடுபட்டு வெளியே தூக்கினார்கள், மூன்றாம் நாள் இறந்தார். அந்த மூன்று நாளும், தான் கேட்டது பொய்க்குரல் என்று அவரை ஒப்புக்கொள்ளவைக்க யாராலும் முடியவில்லை. ஐம்பது ஆண்டு மௌனமும் அவரைக் காப்பாற்றவில்லை என்பதுதான் கசியான் வாசகரிடம் கொண்டுசேர்க்க விரும்பிய செய்தி. ஹேரோவிடம் குறைந்தது பக்தி அல்ல. தன் உள்ளத்தில் எழுந்ததை இன்னொருவரிடம் திறந்து சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. ஆகவே பகுத்தறியும் தெளிவையே எல்லா நற்பண்புகளுக்கும் தாயாக அந்த மரபு வைத்தது. மூத்தவரிடம் மனத்தைத் திறப்பதே அதை அடையும் வழி என்றும் சொன்னது.

நம் காலத்தில் இதே கேள்வியை வேறு கருவிகளோடு அணுகியவர் மானுடவியலாளர் டான்யா லுர்மன். சிகாகோவிலும் கலிஃபோர்னியாவிலும் வைன்யார்டு என்னும் கிறிஸ்தவச் சபைகளில் பல ஆண்டுகள் கூடவே இருந்து அவர் எழுதிய நூல் 2012இல் வெளிவந்தது. அந்தச் சபைகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் மனத்தில் ஓடும் எண்ணங்களில் சிலவற்றை இறைவன் சொன்னவையாக அடையாளம் காணப் படிப்படியாகக் கற்கிறார்கள் என்று அவர் விவரித்தார். சோதனை முறையிலும் பார்த்தார். சிலருக்கு ஒரு மாதம் போல, வேதப்பகுதிகளின் காட்சிகளை மனத்தில் விரித்து ஜெபிக்கும் பயிற்சி தரப்பட்டது. அவர்களுக்கு மனக்காட்சிகள் கூர்மையாயின. இறைவனைப் புலன்களால் உணர்ந்தது போன்ற அனுபவங்களும் மற்றவர்களைவிட அதிகமாயின. இறைவனைக் கேட்பது பயிற்சியால் வளரும் திறன் என்று இதிலிருந்து தெரிகிறது.

லுர்மன் சென்னையிலும் வேலை செய்திருக்கிறார். மனச்சிதைவு நோய் கண்டவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் அவரும் உடன் ஆய்வாளர்களும் பேசினார்கள். அமெரிக்காவில் அந்தக் குரல்கள் பெரும்பாலும் வன்முறையும் அச்சுறுத்தலுமாக இருந்தன. சென்னையில் பலருக்கு உறவினர் குரலாக வந்து, வீட்டு வேலையைச் செய்யச் சொல்லி ஏவின. பக்தரின் அனுபவத்தை நோயாளியின் அனுபவத்தோடு ஒன்றாக்க இதைச் சொல்லவில்லை. குரல் என்று நாம் உணர்வதன் தொனியையும் முகத்தையும் நாம் வளர்ந்த வீடும் ஊரும்கூட வடிவமைக்கின்றன என்பது இதில் தெளிவாகிறது. பயிற்சி செய்தால் குரல் கூர்மையாகும். ஆனால் கூர்மையாகக் கேட்டது என்பதாலேயே அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடாது. வைன்யார்டு சபையாருக்கும் இது தெரிந்திருந்தது. தனக்கு வழக்கமாகத் தோன்றும் எண்ணமா, இறைவனின் இயல்போடு ஒத்துப்போகிறதா, ஜெபிக்கும் மற்றவர்களுக்கும் அப்படியே படுகிறதா, உள்ளத்தில் சமாதானம் இருக்கிறதா என்று அவர்களும் கேட்டுப் பார்த்தார்கள்.

இந்தக் கேள்விகளைத் தங்கள் சபை வாழ்வின் நடுவிலேயே வைத்துக் கட்டியவர்கள் குவேக்கர்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற நெசவாளர் மகனைச் சுற்றித் திரண்ட இயக்கம் அது. ஒவ்வொருவருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, குருவும் சடங்கும் இல்லாமலே அது பேசும் என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. தொன்று தொட்ட முறைப்படி நடக்கும் அவர்களுடைய ஆராதனையில் பிரசங்க மேடை கிடையாது, பாட்டு கிடையாது. பலகைகளில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் போலக் காத்திருப்பார்கள். யாருக்காவது பேசும்படி ஏவுதல் வந்தால் எழுந்து சில வார்த்தை சொல்லி உட்காருவார். அதற்கு யாரும் மறுமொழி சொல்வதில்லை. சொன்னதை உள்வாங்க நேரம் விடுவார்கள். எவரும் பேசாமலே முடியும் நாட்களும் உண்டு. இறுதியில் மூப்பர்கள் கைகுலுக்குவதோடு கூட்டம் கலையும். இன்று உலகின் குவேக்கர்களில் மிகப் பெரிய தொகையினர் கென்யாவில் இருக்கிறார்கள், அங்கே பெரும்பாலும் போதகரும் பாடல்களும் உள்ள ஆராதனைதான். ஆகவே மௌன ஆராதனை எல்லாக் குவேக்கர்களுக்கும் பொதுவானது அல்ல. நான் இங்கே பேசுவது அந்தப் பழைய கிளையைப் பற்றி.

ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி என்றால், இருவருக்குள் இரண்டு விதமாகப் பேசினால் என்ன செய்வது? இயக்கம் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இந்தக் கேள்வி இரத்தத்தோடு வந்தது. ஜேம்ஸ் நெய்லர் யார்க்ஷயரைச் சேர்ந்த விவசாயி, பாராளுமன்றப் படையில் பணியாற்றியவர், ஃபாக்ஸுக்கு இணையான பேச்சாளர். 1656 அக்டோபரில், கொட்டும் மழையில், அவர் குதிரையில் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். உடன் வந்தவர்கள் அவருக்கு முன் ஆடைகளை விரித்து, பரிசுத்தர் என்று பாடி வந்தார்கள். இயேசு எருசலேமுக்குள் பவனியாக வந்ததன் அடையாளமாகவே, உள் ஏவுதலின்படி அதைச் செய்ததாக நெய்லர் நம்பினார். பாராளுமன்றமே அவரை விசாரித்தது. மரண தண்டனைக்கு எதிராக 96 வாக்குகளும் ஆதரவாக 82 வாக்குகளும் விழுந்ததால் உயிர் தப்பினார். தப்பியவருக்குக் கிடைத்தது நூற்றுக்கணக்கான கசையடி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கில் துளை, தெய்வநிந்தனை செய்தவர் என்பதற்கான எழுத்தை நெற்றியில் சூடு போடுதல், சிறை. அந்தக் கொடுமை பாராளுமன்றத்தின் பாவம். ஆனாலும் குவேக்கர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நெய்லர் கபடர் அல்லர்; தான் கேட்டதை உண்மையாக நம்பினார். நம்பியவரைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த ஏற்பாடு உருவானது. மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்ற அடுக்குகள் வந்தன. அச்சுக்குப் போகும் நூல்களை முன்கூட்டியே படித்துப் பார்க்க 1673இல் லண்டனில் ஒரு கூட்டம் அமைந்தது. காரியக் கூட்டங்களிலும் மௌனமே அடிப்படை, வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் பேசிக் காத்திருந்தபின் எழுத்தர் கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறது என்று தனக்குப் படுவதை அங்கேயே எழுதி வாசிப்பார். ஒப்புதல் இல்லையென்றால் காரியம் தள்ளிப்போகும். ஊழியத்துக்காகப் பயணம் போக ஏவுதல் வந்தவர் முதலில் தன் மாதக் கூட்டத்தின் முன் அதை வைத்து, அவர்கள் ஒப்பினால் சான்றிதழ் பெற்றுக்கொண்டு போவார்.

அந்த முதல் தலைமுறை ஏவுதலைச் சோதித்த வழிகளை வரலாற்றாசிரியர் ஹ்யூ பார்பர் 1964இல் வெளியான தன் நூலில் தொகுத்துக் காட்டினார். முதலாவது ஒழுக்கத் தூய்மை. குரல் நம் ஆசைக்குச் சாதகமாகப் பேசுகிறதா, அல்லது நாம் தவிர்க்க விரும்பும் சிலுவையைச் சுட்டுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது பொறுமை. சுயசித்தத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. உண்மையான ஏவுதல் காத்திருந்தாலும் கெடாது என்பது அனுபவத்தில் கண்டது. ஆவியானவர் வேதத்திலும் மற்றவர்களிடத்திலும் பேசியதோடு முரண்படமாட்டார் என்பது இன்னொன்று. கடைசியாக, அது சபையை ஒருமைக்குக் கொண்டுவருகிறதா என்பது. காகிதத்தில் படிக்க எளிமையாக இருக்கும் இவற்றை ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்க்க, ஜான் வுல்மனின் நாட்குறிப்பைவிடச் சிறந்த ஆவணம் எனக்குத் தெரியாது. அவர் இறந்தபின், 1774இல் வெளியானது அது.

வுல்மன் 1720இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். கடைக்காரராகவும் தையல்காரராகவும் பிழைத்தார். இளைஞராக ஆராதனையில் முதன்முதலாக எழுந்து பேசியபோது, தனக்குக் கொடுக்கப்பட்டதைவிடக் கூடுதலாகப் பேசிவிட்டதை உட்கார்ந்ததுமே உணர்ந்தார். வாரக்கணக்கில் அந்த வருத்தம் அவரை விடவில்லை. ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து மறுபடி எழுந்து சில சொற்களே சொன்னார், அதில் சமாதானம் கிடைத்தது. நாட்குறிப்பில் சிறிதாக வரும் இந்தச் சம்பவத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். முதலில் பேசியதில் தவறான கருத்து எதுவும் இருந்ததாக அவர் சொல்லவில்லை. ஏவுதல் நின்ற இடத்தில் நிற்காமல் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தது மட்டுமே அவரை உறுத்தியது. இவ்வளவு நுட்பமான எல்லைக்கோட்டை அடையாளம் காணும் காது, தவறவிட்டு வருந்தி, மறுபடி முயன்று பெற்றது.

அவர் இருபதுகளின் தொடக்க வயதில் இருந்த அதே காலத்தில், அவருடைய முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார். வாங்குபவர் காத்துக்கொண்டிருந்தார், அவரும் வயது முதிர்ந்த குவேக்கர்தான். உள்ளே கனத்தது; ஆனாலும் எழுதினார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று தான் நினைப்பதாக முதலாளியிடமும் வாங்குபவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். சொன்னது ஓரளவு ஆறுதல் தந்தது என்றும், எழுதாமலே விலகியிருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்றும் பின்னர் குறித்துவைத்தார். சில காலம் கழித்து வேறொருவர் அதே வேலையைக் கேட்டபோது மறுத்துவிட்டார். பெரிய காட்சியோ இடிமுழக்கமோ இவற்றில் இல்லை. பேனாவைப் பிடித்திருக்கும் கையில் ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை மதிக்கத் தெரிவதையே அவர் இறைக்குரலைக் கேட்பதாகக் கண்டார்.

1746இல் தென்பகுதி மாகாணங்களில் பயணம் செய்து அடிமை முறையை நேரில் கண்டபின் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சானது 1754இல். நடுவில் எட்டு ஆண்டுகள். 1750இல் மரணப் படுக்கையில் இருந்த தந்தை அதைப் பற்றி விசாரித்து, வெளியிடும்படி ஊக்கினார். அப்போதும் சபையின் நூல் மேற்பார்வையாளர்களின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடவில்லை.

இந்த எட்டு ஆண்டுகளைப் பொறுமை என்று வியப்பதா, கோழைத்தனம் என்று சாடுவதா? அடிமைகளாக இருந்தவர்களுக்கு அந்த எட்டு ஆண்டுகள் யாரோ ஒருவரின் ஆன்மிகப் பயிற்சிக் காலம் அல்ல. இந்த மரபை எழுதும் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. 1688இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நால்வர், அடிமை முறைக்கு எதிரான மனுவைத் தங்கள் மாதக் கூட்டத்தில் வைத்தார்கள். மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது, ஆண்டுக் கூட்டம் அதை ஒதுக்கிவைத்தது. 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பெஞ்சமின் லே என்ற குள்ள உருவினர், உள்ளே குடைந்த புத்தகத்தில் சிவந்த பழச்சாற்றை நிரப்பி வைத்துக்கொண்டு எழுந்தார். அடிமைகளை வைத்திருப்போரின் மேல் இரத்தம் சிந்தும் என்று முழங்கி அதை வாளால் குத்தினார். சாறு சுற்றியிருந்தவர்கள் மேல் தெறித்தது. சபை அவரைத் தன் உறுப்பினர் அல்லர் என்று அறிவித்தது. அவருடைய நூலும் ஒப்புதல் பெறாமல் அச்சானதுதான்.

பார்பர் தொகுத்த சோதனைகளில் கடைசியான ஒருமை, லேயைத் தவறானவர் என்று தீர்த்தது. ஆனால் லே சொன்னது உண்மை. தீர்ப்பளித்த மூப்பர்களிலும் சபையாரிலும் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். கூட்டத்தின் மனம் ஒன்றுபடவில்லை என்று அவர்கள் சொல்லும்போது, ஒன்றுபடாமல் போனது இறைவன் பேசாததாலா, தங்கள் சொத்து பேசியதாலா என்று எப்படிப் பிரிப்பது? குரலைத் தனியாகச் சோதிப்பவருக்கு ஹேரோவின் கிணறு காத்திருக்கிறது. சேர்ந்து சோதிப்பவர்களுக்கு வசதியான, மரியாதையான, எழுபது ஆண்டு நீளும் ஒத்திவைப்பு காத்திருக்கிறது. ஏலியை ஒரு பெரிய மனிதராக நான் மதிப்பது இதனால்தான். சாமுவேலின் செய்தி இன்னும் பக்குவப்படவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்க முடியும்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் அடிமை விவகாரம் மறுபடி வந்தது. வுல்மன் அங்கே இருந்தார். பெரும்பாலான நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். விவாதம் வழக்கம்போல ஒத்திவைப்பை நோக்கி நகர்ந்த நேரத்தில் எழுந்தார். சிலருடைய சொந்த நலனையும் நட்பையும் எண்ணி இந்தக் கடமையைத் தள்ளிப்போட்டால், ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரலைக் கேட்கும் இறைவன் வேறு விதமாகப் பதில் சொல்வார் என்ற பொருளில் பேசினார். அவர் பேசியது இருபது ஆண்டுகளுக்கு முன் லே முழங்கியதிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. இம்முறை கூட்டம் அசைந்தது. இனி அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களில் பங்கேற்க முடியாது என்று தீர்மானமாயிற்று. அடிமை வைத்திருக்கும் குடும்பங்களை வீடு வீடாகப் போய்ச் சந்திக்க ஒரு குழுவை நியமித்தார்கள், வுல்மனும் அதில் ஒருவர். முழுமையாக முடிவுக்கு வர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1776இல்தான் அடிமைகளை வைத்திருப்போரைச் சபையிலிருந்து விலக்குவதாக அதே கூட்டம் தீர்மானித்தது. லே 1759இன் தொடக்கத்தில் இறந்தார். 1758இன் தீர்மானச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

வுல்மனின் முறை வென்றது, லேயின் முறை தோற்றது என்று இதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. லேயின் கூச்சல் இருபது ஆண்டுகள் அந்த மூப்பர்களின் காதில் இருந்திருக்க வேண்டும். வுல்மனின் தனித்தன்மை என்று நான் காண்பது, தான் கேட்டதைத் தன் உடம்பிலும் பிழைப்பிலும் முதலில் நிறைவேற்றிக்கொண்டு பிறகு மற்றவர்களிடம் போனதுதான். கடை வியாபாரம் பெருகி மனத்தை அடைத்தபோது அதை விட்டுவிட்டுத் தையலோடு நின்றார். அடிமைகள் உழைத்த வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் செய்த பணிவிடைக்குக் காசு கொடுத்தார். இப்படிப்பட்டவர் வாசலில் வந்து நிற்கும்போது, அவர் கேட்ட குரல் அவருடைய ஆசையின் எதிரொலி என்று சொல்ல எவராலும் முடியவில்லை. முதல் சோதனையான ஒழுக்கத் தூய்மை இங்கே மற்றவர்களின் காதையும் திறக்கிறது.

இதே அளவுகோலில் காந்தியையும் வைத்துப் பார்க்கலாம். ஹொரஸ் அலெக்சாண்டர் போன்ற குவேக்கர்களோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது. திங்கட்கிழமை மௌனம் அவருடைய நிலையான ஒழுக்கம். 1933 மே 8இல் அவர் தொடங்கிய 21 நாள் உண்ணாவிரதம் ஓர் இரவில் கேட்ட உட்குரலின்படி எடுத்தது என்று அந்த ஆண்டு ஜூலையில் ஹரிஜன் இதழில் விளக்கினார். உருவம் எதையும் காணவில்லை, குரல் தெளிவாக இருந்தது, கேட்டபின் அமைதி வந்தது என்றார். அது மனமயக்கமாக இருக்கலாமே என்ற கேள்விக்கு, உலகம் முழுவதும் ஒன்றுகூடி மறுத்தாலும் தன் நம்பிக்கை அசையாது என்ற பொருளில் பதில் சொன்னார். காந்தி தன் வாழ்வைச் சோதனைக்கு உட்படுத்தியதில் வுல்மனுக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். கட்டுப்பாடு இல்லாதவர்கள் உட்குரலைப் பற்றிப் பேசக் கூடாது என்று வலியுறுத்தியவரும் அவர்தான். ஆனாலும் அந்த முடிவைச் சகாக்களிடம் அறிவித்தாரே தவிர அவர்களிடம் சோதனைக்கு வைக்கவில்லை. இவ்விரண்டு வழிகளில் எது சரி என்று கேட்டால், காந்தியைப் போன்ற ஒருவருக்கும் ஓர் ஏலி தேவை என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டில் இந்தக் குவேக்கர் மரபு ஆழமாக வேர்விட்டதில்லை. அதன் சாரத்தை இங்கே வாழ்ந்து காட்டிய ஒருவர் மார்ஜரி சைக்ஸ். 1928இல் சென்னை வேப்பேரியில் உள்ள பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த ஆங்கிலேயப் பெண். இங்கிருந்த காலத்தில் குவேக்கரானார். பிறகு சாந்திநிகேதன், சேவாகிராமம் என்று போய், கோத்தகிரியிலும் சில காலம் வாழ்ந்தார். ஆனால் அந்த மரபு எட்டாத நம் சபைகளில் 'கர்த்தர் எனக்கு உணர்த்தினார்' என்ற வாக்கியம் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. திருமணம், வேலை, கட்டடம், நிலம் வாங்குவது, போதகரை மாற்றுவது எல்லாவற்றுக்கும் அது வருகிறது. சொல்பவர் பெரும்பாலும் உண்மையாகவே சொல்கிறார். வருத்தம் என்னவென்றால், அந்த வாக்கியம் வந்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. மறுத்துக் கேட்பது தேவனை மறுப்பதாகிவிடும் என்ற கூச்சம் எல்லோரையும் கட்டிவிடுகிறது. குவேக்கர் கூட்டத்தில் அதே வாக்கியத்தோடுதான் பேச்சு தொடங்கும். தனக்கு ஏவுதல் உண்டு என்று சொல்பவரோடு நான்கைந்து பேர் உட்கார்ந்து அமைதியாக இருந்து, அறிவுரை எதுவும் சொல்லாமல் கேள்விகள் மட்டும் கேட்கும் குழுக்கள் அவர்களிடையே இன்றும் உண்டு. முதலில் திருமணம் செய்ய விரும்புவோருக்காக வந்த ஏற்பாடு அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்வின் மற்றத் தீர்மானங்களுக்கும் விரிந்தது.

சோதித்துப் பார்த்ததில் நிறைவேறாமல் போன ஏவுதல்களும் வுல்மனின் நாட்குறிப்பில் இருக்கின்றன. 1769இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் அங்குள்ள அடிமைகளின் நிலையைக் குறித்துப் பேச வேண்டும் என்ற பாரம் அவருக்கு வந்தது. சபைக் கூட்டங்களின் சான்றிதழைப் பெற்றார். கப்பலைப் போய்ப் பார்த்தார். அடிமைகள் விளைவித்த சரக்கை ஏற்றுவதாலேயே பயணக் கட்டணம் மலிவாக இருக்கிறது என்பது உறுத்த, கூடுதல் பணம் கொடுத்துப் போகலாமா என்று எண்ணினார். கடைசியில் போவதற்கான தெளிவு வராமல் வீடு திரும்பினார். சான்றிதழ் கையில் இருந்தும், கூட்டங்கள் ஒப்பியிருந்தும், உள்ளே தெளிவில்லை என்பதால் போகவில்லை. இதைத் தோல்வியாக அவர் எழுதவில்லை.

திரும்பிவந்த சிறிது காலத்தில் கடுமையான நுரையீரல் நோயில் விழுந்தார். அதில் தன் பெயரே மறந்துபோன நிலையில், பெரும் துயரத்தில் இருந்த மனிதத் திரளோடு தான் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதைக் கண்டார். அப்போது மென்மையான ஒரு குரல், ஜான் வுல்மன் இறந்துவிட்டான் என்று மற்றவர்களிடம் சொல்வதைக் கேட்டார். பிறகு சுரங்கங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே கிறிஸ்தவர்களுக்காகச் செல்வம் தோண்டிய மக்கள் கிறிஸ்துவின் பெயரைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். தன் பெயர் கொண்டவன் இறந்துவிட்டான் என்பது தன் சுயசித்தத்தின் மரணம் என்று அவர் புரிந்துகொண்டது பின்புதான். கேட்டதிலேயே மிகத் தெளிவான இந்தக் குரலை அவர் இரண்டரை ஆண்டுகள் எழுதாமல் வைத்திருந்தார். 1772 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வடபகுதியில் நடந்தே பயணம் செய்துகொண்டிருந்தபோது, அதை நாட்குறிப்பில் சேர்த்தார். குதிரைகளையும் வண்டியோட்டும் சிறுவர்களையும் வதைத்து ஓடும் தபால் வண்டிகளில் ஏறக் கூடாது என்ற ஏவுதலால்தான் அந்தப் பயணம் முழுவதையும் அவர் நடந்தே போனார்.